சிலுவையில் யாருடைய உடல்?
கிறித்தவ நோக்கில் காட்சிக்கலை உயர்கல்வியும் நாமும்



நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்த உரையில் இந்த ஆண்டு ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதிலும் கிறித்தவ நோக்கில் காட்சிக்கலையை முதுகலை, ஆய்வு நிலைகளில் படிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். இந்தத் தலைப்பை எடுத்தபோதே நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பஞ்சமி நிலமும் வன்கொடுமை வழக்கும் தீராமல் கிடக்கும்போது, படம் பார்க்கப் படிப்பது நமக்கு எதற்கு?

நியாயமான கேள்விதான். அதற்கு நம் வீட்டுச் சுவரிலிருந்தே பதில் சொல்லலாம். தமிழகத் திருச்சபைகளில் பெரும்பகுதியினர் சேரியிலிருந்து வந்தவர்கள். நம் வீடுகள் பலவற்றில் அம்பேத்கர் படமும் இயேசு படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. அம்பேத்கர் படம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். அதை மாட்டுவதற்காக அடி வாங்கிய ஊர்களும் உண்டு. இயேசுவின் படம் எங்கிருந்து வந்தது? அதை வரைந்தவர் யார்? அந்த முகத்துக்கு அந்த நிறம் ஏன்? இவற்றை நாம் கேட்டதேயில்லை.

இப்படிக் கேட்கக் கற்றுத் தரும் கல்வித்துறை ஒன்று உலகில் இருக்கிறது. அந்தத் துறையில் என்ன நடக்கிறது, அது நமக்கு எங்கே உதவும், எங்கே இடிக்கும், அதன் வாசலில் நம்மை நிறுத்தி வைப்பது எது என்பதை விளக்குவதே இந்த உரையின் வேலை.

என்ன படிப்பு இது?

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கையால் செய்யும் வழி. நுண்கலையில் முதுகலை எனப்படும் எம்.எஃப்.ஏ. படிப்பில் மாணவர் ஓவியமோ சிற்பமோ அச்சுக்கலையோ செய்கிறார். கிறித்தவக் கல்லூரியாக இருந்தால் இறையியல் வகுப்புகளும் சேர்ந்து வரும். முடிவில் ஒரு கண்காட்சி வைத்து, தம் வேலையைப் பற்றி எழுத்திலும் விளக்க வேண்டும்.

மற்றது கண்ணால் படிக்கும் வழி. 'இறையியலும் கலைகளும்' என்ற பெயரில் நடக்கும் இந்தப் படிப்பில் மாணவர் படம் வரைய வேண்டியதில்லை. ஒரு படம் எந்தக் காலத்தில், யாருடைய பணத்தில், எந்த வழிபாட்டுக்காகச் செய்யப்பட்டது, கடவுளையும் மனிதரையும் பற்றி அது என்ன சொல்கிறது என்று ஆராய வேண்டும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி, அந்நகரின் தேசிய ஓவியக்கூடமான நேஷனல் கேலரியோடு சேர்ந்து 'கிறித்தவமும் கலைகளும்' என்ற முதுகலைப் படிப்பை உருவாக்கியது. அமெரிக்காவில் பெர்க்லியின் பட்டமேற்படிப்பு இறையியல் ஒன்றியமும், யேல் பல்கலைக்கழகத்தின் திருவிசை நிறுவனமும், கனடாவில் வான்கூவரின் ரீஜண்ட் கல்லூரியும் இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள்.

நம் நாட்டில் இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் படிப்பது கடினம். ஓவியம் கற்க 1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கவின்கலைக் கல்லூரி, பரோடா, சாந்திநிகேதன் போன்ற இடங்கள் இருக்கின்றன. இறையியல் கற்க செராம்பூர் ஆட்சிமன்றத்தோடு இணைந்த கல்லூரிகள் இருக்கின்றன. மதுரை அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவை நமக்குப் பழக்கமானவை. ஓவியக் கல்லூரியில் இறையியல் பேசினால் மதப்பிரச்சாரம் என்பார்கள். குருமடத்தில் ஓவியம் பேசினால் பொழுதுபோக்கு என்பார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டும் வேலையை மாணவர்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உருவம் செய்யலாமா?

இந்தப் படிப்பில் முதலில் சந்திக்கும் கேள்வி, கடவுளுக்கு உருவம் செய்யலாமா என்பது. பத்துக் கட்டளைகளில் சிலை செய்து வணங்குவதற்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையை முன்வைத்து எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசில் பெரும் சண்டை நடந்தது. பேரரசர்களே திருவுருவங்களை அழிக்க ஆணையிட்டார்கள். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் உருவங்களை ஏற்றது. சண்டை மறுபடி மூண்டு 843இல்தான் ஓய்ந்தது.

உருவங்களுக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் தமாஸ்கஸ் யோவான். அவருடைய வாதம் எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத கடவுளை வரைய முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கடவுள் மனித உடலெடுத்து வந்தார் என்று நம்புகிறோமென்றால், அந்த உடலை வரையலாம். வரையக் கூடாது என்றால் உடலெடுத்ததையே மறுக்கிறோம் என்று பொருள்.

இந்த வாதத்தில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. சாதி வேலை செய்வது உடலின் மேல்தான். யாரைத் தொடலாம், யாருடைய நிழல் படக்கூடாது, யார் செருப்புப் போடலாம், யார் மேலாடை அணியலாம், பிணத்தை எந்தத் தெரு வழியே தூக்கிப் போகலாம் என்பதெல்லாம் உடலைப் பற்றிய சட்டங்கள். கடவுள் உடலெடுத்தார் என்று அறிக்கையிடும் ஒரு மதம், எந்த உடலை எடுத்தார் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

சீர்திருத்தச் சபைகள் இந்தச் சண்டையை மறுபடி தொடங்கின. ஸ்விங்லியின் சூரிக் நகரில் 1524இல் ஆலயங்களிலிருந்து படங்களும் சிலைகளும் அகற்றப்பட்டன. லூதர் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்த வேறுபாட்டை இன்றும் நம் ஊர்களில் பார்க்கலாம். கத்தோலிக்கக் கோயிலில் சொரூபமும் தேரும் இருக்கும். சீர்திருத்தச் சபைக் கோயில் பலவற்றில் வெள்ளைச் சுவரில் ஒரு வசனம் மட்டும் எழுதியிருக்கும். ஆனால் அதே சபை விசுவாசியின் வீட்டுக்குப் போனால் நாள்காட்டியில் இயேசு சிரித்துக்கொண்டிருப்பார். கோயில் சுவரில் வேண்டாம் என்ற படம் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது.

யாருடைய உடல்?

அந்த நாள்காட்டி இயேசு எங்கிருந்து வந்தார்? வார்னர் சால்மன் என்ற சிகாகோ விளம்பர ஓவியர் 1940இல் 'கிறிஸ்துவின் முகம்' என்ற படத்தை வரைந்தார். தோளில் புரளும் பொன்னிறம் கலந்த முடி, வெளுத்த தோல், மேல்நோக்கிய பார்வை. இந்தப் படம் 50 கோடிக்கும் மேல் அச்சாகி உலகெங்கும் போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் சட்டைப்பையிலும் அது இருந்தது. நம் வீடுகளில் தொங்கும் படங்கள் பலவும் அந்த முகத்தின் சாயலில் வந்தவையே. மேற்காசியாவில் ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஒரு யூதத் தச்சர் இப்படித்தான் வெள்ளைக்காரர் ஆனார்.

அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறுவிதமான இயேசுவும் வரையப்பட்டிருக்கிறார். மத்தியாஸ் குரூனேவால்டு 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியம் இன்று பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவமனையோடு இணைந்த அந்தோனியார் மடத்துக்காக அது வரையப்பட்டது. கம்பு போன்ற ரை என்ற தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையால் வரும் கொடிய நோய் அப்போது பரவலாக இருந்தது. அந்த மாவில் சுட்ட மலிவான ரொட்டியைத் தின்ற ஏழைகளுக்கு உடல் எரியும், கைகால் அழுகும். அவர்களைப் பராமரித்த இடம் அது. அங்கே தொங்கிய சிலுவையில் இயேசுவின் தோல் பச்சை பாய்ந்து, உடம்பெல்லாம் புண்ணும் முள்ளுமாக, விரல்கள் வலியில் விறைத்து நிற்கின்றன. நோயாளி தன் உடம்பையே அங்கே பார்த்தார். அழகான இயேசுவை வரைய குரூனேவால்டுக்குத் தெரியாமல் இல்லை. அதே பீடத்தின் இன்னொரு பலகையில் ஒளிவீசும் உயிர்த்த இயேசுவையும் அவரே வரைந்திருக்கிறார். யார் முன்னால் இந்தப் படம் தொங்கப்போகிறது என்பதை அறிந்து வரைந்திருக்கிறார்.

மூன்றாவது படம் கறுப்பின மக்களிடமிருந்து வருகிறது. 1927இல் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூல் ஒன்றுக்கு ஆரன் டக்ளஸ் சிலுவைப்பாட்டுக் காட்சியை வரைந்தார். அதில் பெரிதாக, முன்னால் நிற்பவர் இயேசு அல்ல. சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட சிரேனே ஊர் சீமோன், ஆப்பிரிக்கர். பாரத்தில் வளைந்த கறுத்த உடலாக அவர் படத்தை நிறைத்து நிற்கிறார். கூலியில்லாமல் சுமக்க வைக்கப்பட்டவரின் கதையை விவிலியத்துக்குள்ளேயே அந்த ஓவியர் கண்டெடுத்தார். நம் வெட்டிவேலையின் வரலாறும் அந்தத் தோள்களில் தெரிகிறது.

கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011இல் சிலுவையையும், கறுப்பர்களைத் தூக்கிலிட்ட மரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவின் பெரிய வெள்ளை இறையியலாளர்கள் சிலுவையைப் பற்றி எவ்வளவோ எழுதியும், கண்ணெதிரே நடந்த படுகொலைகளோடு அதை இணைத்துப் பார்க்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதைப் பார்த்தவர்கள் கறுப்பின ஓவியர்களும் கவிஞர்களும் பாடகர்களும் என்கிறார்.

இதைப் படிக்கும்போது நமக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்குமா? 1968 டிசம்பர் 25 இரவு, உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய நாளில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் நம் கோயில்களில் வைக்கோல் குடில் கட்டுகிறோம். அந்த வைக்கோலையும் எரிந்த குடிசையின் கூரையையும் சேர்த்துப் பார்க்கும் ஓவியத்தை எத்தனை கோயில்களில் நாம் கண்டிருக்கிறோம்?

தாமரையும் ஆட்டுக்கல்லும்

வெள்ளை இயேசு வேண்டாம், இந்திய இயேசு வேண்டும் என்ற குரல் இங்கே நூறாண்டுகளாக இருக்கிறது. கோவாவில் பிறந்து சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்சலோ த பொன்சேகா (1902-1967) மரியாளுக்குச் சேலை கட்டி வரைந்தார். ஐரோப்பியச் சாயலுக்குப் பழகிய சபையார் சிலர் அதை எதிர்த்தார்கள். காலனியாதிக்கக் காலத்தில் அது துணிச்சலான வேலை. ஆனால் அந்த வழியில் பின்னால் வந்த பல படங்களில் இயேசு பத்மாசனத்தில் அமர்ந்தார், தாமரை மேல் நின்றார், காவி உடுத்திய குருவானார். இந்தியத் தன்மை என்றால் உயர்சாதிச் சமயத்தின் அடையாளங்கள்தாம் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

இந்தச் சிக்கலை இறையியலில் உடைத்தவர் அரவிந்த் நிர்மல். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியலின் தொடக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்தியக் கிறித்தவ இறையியல் என்று பேசப்பட்டதெல்லாம் வேதாந்தத்தோடு நடத்திய உரையாடல். சபையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பான்மை மக்களின் வாழ்வு அதில் இல்லை என்றார் அவர். மதுரை அரசரடியில் பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டையும் பேச்சுமொழியையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வந்த தம் நூலில், பறையை வைத்தே கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள முடியும் என்று எழுதினார். இசையிலும் எழுத்திலும் நடந்த இந்த மாற்றம், காட்சிக்கலையில் அதே வேகத்தில் நடக்கவில்லை.

நடந்தவற்றில் இரண்டைச் சொல்லலாம். ஆந்திர லூத்தரன் போதகரான சாலமன் ராஜ் மரச்செதுக்கு அச்சிலும், துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் முறையிலும் விவிலியக் காட்சிகளைச் செய்தார். லூக்கா நற்செய்தியின் விடுதலைச் செய்தியை மட்டும் எடுத்துத் தனியொரு ஓவிய வரிசையே படைத்தார். மரச்செதுக்கு அச்சுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பலகையிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். நாலு பேருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கும் கலைஞருக்கு ஏற்ற ஊடகம் அது.

இன்னொன்று ஜோதி சாஹி வரைந்த 'தலித் மடோனா'. இன்று அது இங்கிலாந்து மெதடிஸ்ட் சபையின் நவீன ஓவியத் தொகுப்பில் இருக்கிறது. தாயும் சேயுமாகிய மரியாளையும் இயேசுவையும் அவர் அரைக்கும் கல்லின் வடிவத்தில் கண்டார். பெரிய கல் தாய். அதன் குழிக்குள் சுழலும் சிறிய கல் பிள்ளை. தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம். ஆட்டுக்கல்லின் உள்ளே சுழலும் கல்லுக்கு நம் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் குழவி. குழந்தைக்கும் அதே பெயர்தான். இதைப் பார்த்து நாம் மகிழலாம். கூடவே கேட்கவும் வேண்டும்: அந்தக் கல்லை ஊரார் வீட்டுக்காக ஆட்டி ஆட்டித் தோள் தேய்ந்த நம் பாட்டிமார் தாங்களே வரைந்திருந்தால், அந்தக் கல் எப்படி இருந்திருக்கும்?

கோயில் கட்டடத்தையும் படிக்கலாம்

காட்சிக்கலை என்றால் சட்டம் போட்ட ஓவியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கட்டடம், பீடம், கல்லறை, தேர், ஊர்வலப் பாதை எல்லாமே இந்தத் துறையின் பாடப்பொருள்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பீடம், அதை நோக்கி வரும் இரண்டு தனித்தனிக் கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் போல. வேளாளர் ஒரு பக்கமும் மற்றச் சாதியார் மறுபக்கமும் உட்கார, நடுவில் சுவர். ஒரு கூடத்தில் இருப்பவர் மறு கூடத்தில் இருப்பவரைப் பார்க்காமலே இருவரும் பீடத்தைப் பார்க்கலாம். 1910களில் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வேளாளர் தரப்பின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அந்தக் கட்டடத்தை யாரோ வரைபடம் போட்டுத்தான் கட்டினார்கள். சாதி கட்டடக்கலையின் மொழியைப் பேசியதற்கு அது சான்று. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நிற்கும் பிரிவுச் சுவர்களும், சேரித் தெருவுக்குள் திரும்பாத தேரும் அதே மொழியைத்தான் பேசுகின்றன. இவற்றை அளந்து, படமெடுத்து, சான்றாக்கி எழுதும் ஆய்வாளர் நமக்கு வேண்டும். போராட்டக் களத்தில் நாம் சொல்வதை, மறுக்க முடியாத ஆவணமாக மாற்றும் வேலை அது.

பாபாசாகேப் வழியில் நிற்பவருக்கு

இங்கே அமர்ந்திருக்கும் தோழர்களில் பௌத்தர்களும் எந்த மதமும் வேண்டாதவர்களும் உண்டு. கிறித்தவ நோக்கு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பாபாசாகேப் கிறித்தவ மாற்றத்தைப் பற்றி எழுதியபோது, மதம் மாறிய தீண்டப்படாதவரின் நிலை மாறியதா என்ற கேள்வியைத்தான் கேட்டார். திருச்சபைக்குள் சாதி தொடர்வதையும், மாறியவர்களின் சமூக உரிமைக்காக அது போராடாததையும் கடுமையாகச் சாடினார். அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டு இந்தப் படிப்புக்குப் போகச் சொல்லவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறோம்.

பௌத்தத் தரப்பிலிருந்தும் நாம் கற்க இருக்கிறது. நாக்பூரில் பிறந்து பரோடாவில் பயின்ற சவி சாவர்க்கர், கழுத்தில் எச்சில் கலயம் கட்டப்பட்ட தீண்டப்படாதவரை ஓவியத்தின் நடுவே நிறுத்தினார். அருங்காட்சியகச் சுவரில் இடமில்லாத உடலுக்கு அவர் இடம் பிடித்தார். எந்த மத நோக்கில் படித்தாலும், செய்ய வேண்டிய வேலை அதுதான்.

கிறித்தவக் கல்வியுலகத்துக்குள்ளேயும் குறுகிய பார்வையை உடைத்தவர்கள் உண்டு. இறையியலாளர் பால் டில்லிக், பிக்காசோவின் 'கெர்னிகா'வைத் தலைசிறந்த சீர்திருத்தச் சமய ஓவியமாகக் கருதினார். 1937இல் குண்டு வீசி அழிக்கப்பட்ட ஊரைப் பற்றிய அந்தப் படத்தில் இயேசுவும் இல்லை, சிலுவையும் இல்லை. மனித நிலையை மறைக்காமல் காட்டியதே அதன் சமயத்தன்மை என்பது அவர் கருத்து. ஆகவே இந்தத் துறையில் படிக்கும் நம் பிள்ளை இயேசுவை வரைந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. மலக்குழியையும் வரையலாம்.

கதவு எங்கே அடைத்திருக்கிறது?

வெளிநாட்டில் படிக்கப் பெரும்பணம் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆனால் தலித் கிறித்தவ மாணவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழே கிடையாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம்.

சான்றிதழ் உள்ள மாணவருக்கும் 2022இல் இன்னொரு கதவு அடைக்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்த உதவித்தொகை இல்லை என்று விதி மாற்றப்பட்டது. வெளிநாட்டுக்குப் போய்ப் பொறியியல் படி. உன் சேரியைப் பற்றி ஆராயாதே என்பதுதான் இதன் பொருள். வடக்கன்குளம் சுவரைப் பற்றி ஆய்வு செய்யப் போகும் மாணவர் இரண்டு கதவுகளையும் தட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் திட்டத்தில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் என்ற பிரிவுகளும் இருக்கின்றன. அவற்றில் நம் மாணவருக்கு இடமுண்டா என்று ஒவ்வோர் ஆண்டும் விதிகளை எழுத்தெண்ணிப் படித்துப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சில கிறித்தவக் கல்லூரிகள் விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். பொதுப் பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. எது எந்த வகை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். செய்முறைப் படிப்புக்கு உங்கள் படைப்புகளின் தொகுப்பு முக்கியம். கோட்பாட்டுப் படிப்புக்கு ஒரு படத்தை நீங்களே ஊன்றிப் பார்த்து எழுதிய கட்டுரை முக்கியம். பறையையும் சேரியையும் வேடிக்கைப் பொருளாகக் காட்டினால் எளிதில் இடம் கிடைக்கும் என்ற ஆசையும் அங்கே வரும். நம்மை நாமே காட்சிப்பொருளாக்கிக்கொள்ள வேண்டாம்.

இப்போதே செய்யக்கூடியவை

வெளிநாடு போகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்க் கோயிலை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பீடம், சொரூபங்கள், யார் பெயர் பொறித்த கல்வெட்டு, யார் உட்காரும் இடம், கல்லறையின் அமைப்பு, தேரின் பாதை என்று குறிப்பெடுங்கள். வீட்டுச் சுவர்ப் படங்களையும், பாட்டி வைத்திருக்கும் செபப்புத்தகத்துப் படங்களையும் படமெடுத்து வையுங்கள். பழைய கோயிலை இடித்துக் கான்கிரீட்டில் கட்டும் வேகத்தில் இவை காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

செயற்பாட்டாளர்களிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். 1950 ஆணையின் மத வரம்பை நீக்கும் போராட்டத்தோடு, 2022 விதியைத் திரும்பப் பெறும் கோரிக்கையையும் சேர்த்துக்கொள்வோம். பெரும்பான்மையாக இருக்கும் நம் காணிக்கையில் நடக்கும் திருச்சபைகள், ஆண்டுக்குச் சில தலித் மாணவர்களையாவது கலை உயர்கல்விக்கு அனுப்பும் நிதியை ஒதுக்க வேண்டும் என்று மறைமாவட்டங்களிலும் பேராயங்களிலும் கேட்போம். கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் இருக்கும்போது, வரையத் தெரிந்த பிள்ளையைப் படிக்க வைக்கவும் பணம் இருக்கும்.

அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருத்தி நம் வீட்டுச் சுவரைப் பார்த்து, இந்தப் படத்தை வரைந்தது யார் என்று கேட்டால், நம் தெருவிலிருந்தே ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.

ஜெய்பீம்.